காற்றுப் புகாத மதினி

எங்கள் தெருவில் மதினியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அவள் வீட்டுப் பாலை எந்தப் பூனையும் குடித்ததில்லை. பாலுக்கு மூடி, மூடிக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் அம்மிக் குழவி. மோருக்கும் அதே மரியாதை. உப்புச் சாடியின் வாயைத் துணியால் கட்டி, அதன் மேல் ஒரு கிண்ணத்தையும் கவிழ்த்து வைத்திருப்பாள். உப்பை எந்தப் பூனை திருடப் போகிறது என்று கேட்டால் பதில் வராது. பதிலையும் எங்கேயோ மூடித்தான் வைத்திருந்தாள்.

அவள் என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற ரோட்டில், தறிச் சத்தம் ஓய்ந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவே ஒரு வேலி. முதலில் ஆடு நுழையாதபடி அதில் முள் அடைத்தாள். பிறகு கோழி நுழையாதபடி அடைத்தாள். கடைசியில் எங்கள் கண் நுழையாதபடி பழைய சேலைகளைக் கட்டிவிட்டாள். இப்போது அவள் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டில் மூடாத பாத்திரம் ஏதாவது மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒருமுறை அவளுடைய அடுப்படியை எட்டிப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. காஸ் சிலிண்டர் தூக்கிப்போடக் கூப்பிட்டிருந்தாள். வரிசையாகச் சட்டி, பானை, தூக்குவாளி, எல்லாவற்றிலும் மூடி. சிலிண்டரை வைக்க இடம் வேண்டுமே என்று ஒன்றை நகர்த்தினேன். கனமே இல்லை. அடுத்ததும் அப்படித்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே மதினி. காலிச் சட்டிய எதுக்கு மூடி வச்சிருக்கிய?"

"காலின்னு ஊருக்குத் தெரியணுமாக்கும்?" என்றாள்.

அண்ணன் இதற்கு நேர் எதிர். வாயை, சட்டைப் பையை, பிராந்திப் பாட்டிலை, எதையுமே மூடி வைக்கத் தெரியாத மனுஷன். வீட்டில் அன்றைக்கு என்னென்ன இல்லை என்பதை டீக்கடையில் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் டீயை வாயில் வைப்பான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு மதினி மூடத் தொடங்கினாளா, அவன் இருந்தபோதே பின்னால் போய் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தாளா என்று எனக்குத் தெரியாது. அவளிடமே கேட்டிருக்கலாமே என்பவர்களுக்கு மதினியைத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்களுக்கு முன் வரிசையில் நிற்பாள். கீர்த்தனைப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்துப் பிடித்திருப்பாள். வாய் மட்டும் அசையாது. புதிதாக வந்த போதகர், பாவம், ஊர் நிலவரம் தெரியாமல், "நீங்களும் சேர்ந்து பாடலாமே அம்மா" என்று சொல்லிவிட்டார்.

"கேக்க வேண்டியவருக்குக் கேக்கும்" என்றாள் மதினி. போதகர் அதற்குப் பிறகு அந்த வரிசைப் பக்கம் திரும்புவதையே குறைத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் மேலே அந்தத் தாழ்ப்பாள். அவள் வீட்டுக்கு யார் போனாலும், பேச்சு முடிந்து படியில் கால் வைக்கும்போதே முதுகுக்குப் பின்னால் டக் என்று விழும். என் மனைவி ஸ்டெல்லா கறிவேப்பிலை கேட்கப் போனால், கதவிடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து இரண்டு கொத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும். பிறகு டக். தெருவில் அந்தச் சத்தம் கேட்டால், யாரோ மதினி வீட்டுக்கு எதையோ எதிர்பார்த்துப் போய்த் திரும்புகிறார்கள் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவள் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்தது காளைக்கன்று.

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஜெர்சிப் பசு கிடேரிக் கன்று போட்டால் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். காளைக்கன்று போட்டால் வீட்டில் ஒரு நோய் வந்தது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். உழுவதற்கு டிராக்டர் வந்துவிட்டது. பால் கொடுக்காது, பாலைக் குடிக்கும். அதனால் பசு கன்று இல்லாமலே கறக்கப் பழகியதும் ஒருநாள் அதை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவிழ்த்து விட்டுவிட்டு வந்து, "கன்னு காணாமப் போயிட்டு" என்று துக்கம் விசாரிக்க இடம் கொடுப்பார்கள். காணாமல் போன கன்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் தின்றுகொண்டு ஊர்க்காரர் அத்தனை பேர் கண்ணிலும் படும். அவிழ்த்துவிட்டவர் கண்ணில் மட்டும் படாது.

மதினி அந்தக் கன்றுகளை, அவிழ்த்து விடும் முன்பே, சத்தமில்லாமல் வாங்கி வளர்த்தாள். சதை போட்டதும் கடையநல்லூரிலிருந்து வியாபாரி பாய் வந்து பிடித்துப் போவார். சில பக்ரீத்துக்கு, மீதி கேரளாவுக்கு. எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் மாடு விற்கிற எல்லோரும் "வளப்புக்கு" என்பார்கள். கேரளத்தில் மாடு வளர்ப்பதைத் தவிர வேறு தொழிலே கிடையாதோ என்று நினைக்கும்படி, லாரி லாரியாக வளர்ப்புக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒருநாள் பால் சொசைட்டி வாசலில், தன்னைப் பெரிய தர்மவான் என்று நம்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாலு பேர் கேட்கும்படி மதினியை மடக்கினார்.

"ஏம்மா, கன்னுகள எங்க அனுப்புத?"

"சாப்பாட்டுக்கு."

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் கீழே பார்த்தார்கள். அந்த மாதம்தான் அந்தப் பெரியவர் வீட்டுக் கன்றும் காணாமல் போயிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள கன்று. அதே சுட்டியோடு ஒரு கன்று மதினியின் கொட்டகையில் நின்று பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தின்றுகொண்டிருந்ததை நான் வேலிச் சேலையின் ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறேன். மதினி அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பெரியவர் கடைசிவரை தர்மவானாகவே இருந்தார்.

கோடையில் தீவனத்துக்குப் படும் பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். மழைக்காலத்தில் பச்சைச் சோளத்தட்டை கேட்பாரின்றிக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் கன்று மண்ணை நக்கும். இதற்கு வழி சொல்கிறோம் என்று கால்நடைத்துறைக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். வடையும் டீயும் உண்டு என்பதால் விவசாயிகள் திரளாகக் கலந்துகொண்டார்கள். நானும் கலந்துகொண்டேன். அப்போது எனக்குச் சொந்தமாக மாடு கிடையாது. ஆனால் வடைக்கு அது தடையில்லை.

மாட்டு டாக்டர் ஓர் இளம்பெண். ஊறுகாய்ப் புல் என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். இங்கிலீஷில் சைலேஜ். மக்காச்சோளத்தைப் பால் பிடித்து இறுகுகிற பருவத்தில் கதிரோடு வெட்ட வேண்டும். பொடிசாக நறுக்கி, குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, வெல்லப்பாகும் உப்பும் தெளித்து, இடைவெளி இல்லாமல் மிதித்து, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தால் புளித்துப் பதமாகி இருக்கும். திறக்காவிட்டால் வருஷம் கழித்தும் கெடாது.

"புல்லுல ஊறுகாயா? தொட்டுக்கிட கஞ்சிய யாரு ஊத்துவா?" என்று பின்னாலிருந்து உரக்கடை அண்ணாச்சி கேட்டார். மண்டபம் சிரித்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. காற்று உள்ளே போகக் கூடாது. இறுக்கமா மூடணும். மூடினதைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் இதில் உள்ள சூட்சுமம்" என்றார்.

நான் தற்செயலாக மதினியைப் பார்த்தேன். கடைசி நாற்காலியில், வடைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சிரித்தாள். எத்தனையோ வருஷமாக ஊரே கேலி செய்த ஒரு காரியத்துக்கு அரசாங்கமே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டதே, சிரிக்க மாட்டாளா.

கொட்டகைக்குப் பின்னால் ஜேசிபி வைத்துக் குழி வெட்டினாள். நறுக்கிய சோளத்தட்டையைப் போட்டு, மேலே டிராக்டரை ஏற்றி இறக்கச் சொன்னாள். டிராக்டர்காரன் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலுத்துப்போனான்.

"யக்கா, ரோடா போடுதிய? இதுக்கு மேல இது எங்க அமுங்கும்?"

"இன்னொரு தடவ."

டிராக்டர் போகாத ஓரங்களை அவளே வெறுங்காலால், குதிகாலை ஊன்றி மிதித்தாள். பிறகு தார்ப்பாய். தார்ப்பாய் மேல் மண் பூச்சு. மண்ணுக்கு மேல் பழைய டயர்கள். எலிக்குச் சுற்றிலும் வேலிக்கருவை முள். மண் காய்ந்து வெடிப்பு விட்டால், காலையில் பல் தேய்க்கும் முன் ஈர மண்ணைக் குழைத்து வந்து அடைப்பாள். அந்தக் குழிக்குள் நுழைய நினைத்த எலி, பல்லும் மானமும் போய்த்தான் திரும்பியிருக்கும்.

உரக்கடை அண்ணாச்சியும் குழி போட்டார். கேலி செய்தவர்தான், ஆனால் ஒரு பெண்பிள்ளை போட்டுவிட்டாளே. அவருக்குக் கையில் செல்போன், செல்போனில் சொந்தமாக ஒரு யூடியூப் சேனல். கடைக்கு உரம் வாங்க வருகிற ஒவ்வொருவரையும் கூட்டிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டுவார். "வணக்கம் மக்களே, இன்னைக்கு நம்ம குழி எப்படி இருக்குன்னு பாக்கப் போறோம்" என்று கையை விட்டு அள்ளி மோந்து, தலையை ஆட்டுவார். ஊரில் இருக்கிற காற்றெல்லாம் உள்ளே போய் வந்தது. கடைசியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணமும், மூக்கை மூட வைக்கும் நாற்றமும்தான் மிச்சம். அவருடைய கன்றுகள் அதை மோந்து பார்த்துவிட்டு அவரைப் பார்த்தன. அந்த வீடியோவை மட்டும் அவர் போடவில்லை.

மதினி குறித்த நாளில், ஒரு பக்கத்தை மட்டும் திறந்தாள். அப்பத்துக்குப் புளித்த மாவும் பழமும் கலந்த மாதிரி வாசனை வேலி தாண்டி வந்தது. பொன்னிறமாக, உதிரி உதிரியாக இருந்தது. கன்றுகள் முதலில் மூச்சை விட்டு விலகின. காய்ந்த தட்டையில் ஒரு கை கலந்து வைத்தாள். மறுநாள் இரண்டு கை. வாரம் போவதற்குள் அவள் பனையோலைக் கடவப்பெட்டியைத் தலையில் தூக்கினாலே கன்றுகள் கட்டை அறுக்கப் பார்த்தன. தினமும் ஓர் அடுக்கு வெட்டி எடுத்து உடனே மூடிவிடுவாள். திறந்த குழியை நிறுத்தாமல் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று தன் வேலையைக் காட்டிவிடும்.

அந்தக் கோடையில் ஊர் மாடுகள் எல்லாம் விலா எலும்பை எண்ணிக் காட்டிக்கொண்டிருக்க, மதினியின் கன்றுகள் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி நின்றன. பாய் வந்து ஒன்றின் தொடையில் தட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லா! யக்கா, என்ன போட்டிய?"

"மக்காச்சோளம்."

"மக்காச்சோளம் எல்லாரும்தான போடுதாவ?"

"மூடிப் போட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். இதற்கு மேல் கேட்டுப் பயனில்லை என்று கண்ணால் சொன்னேன்.

எனக்கும் கன்று வாங்கும் புத்தி வந்தது அதற்குப் பிறகுதான். தறியில் ஆர்டர் குறைந்து, முதலாளிமார்களே தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். என்னிடம் சொந்தமாக இருந்தது ஒரே தறி. அதை விற்றுக் காளைக்கன்றுகள் வாங்கினேன். பக்ரீத் வரை வளர்த்து பாய்க்குக் கொடுத்தால், அடுத்த ஈடு கன்றுகள் வாங்கலாம், ஊரிலேயே இருந்துவிடலாம். இல்லாவிட்டால் திருப்பூர். பனியன் கம்பெனியில் என் மச்சான் எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை போன் செய்து, "என்ன மச்சான், மாடு மேய்ச்சது போதுமா?" என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தான். மகள் பிளஸ் டூ படித்தாள். அவளையும் ஸ்டெல்லாவையும் விட்டுவிட்டு அங்கே எட்டுப் பேர் படுக்கிற அறையில் போய்ப் படுக்க எனக்கு மனசில்லை.

மதினி அந்த வருஷமும் குழியை நிரப்பி மூடியிருந்தாள். நானும் ஒன்று போடலாமா என்று யோசித்தேன். பயிர் வைக்க நிலம் வேண்டுமே. வைக்கோல் போதும் என்று பெரிய படப்பாக அடுக்கி வைத்தேன். பயிருக்கு வராத மழை, படப்பு போட்ட பிறகு தவறாமல் வந்தது. மாசி மாதத்தில் மூன்று நாள் அடித்து ஊற்றியது. படப்பு நனைந்து, உள்ளே சூடேறி, ஆவி பறந்து, கறுத்துப்போனது. பிரித்துக் காயவைத்துப் போட்டாலும் கன்றுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வெளியில் வைக்கோல் கேட்டால், தங்கம் விற்கிற மாதிரி பேசினார்கள்.

பங்குனியில் பாய் வந்து பார்த்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

"தம்பி, இதுல கறி எங்க இருக்கு? தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல காத்துல்லா இருக்கு."

"பெருநாளைக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே பாய்."

"சத போட்டா சொல்லுங்க, வண்டியோட வாரேன். இப்படியே இருந்தா தோல் வெலைக்குத்தான் போவும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய, நானும் பொழைக்கணும்லா."

பாயைக் குறை சொல்ல முடியாது. அவர் போன பிறகு ஸ்டெல்லா உள்ளே போய் இரண்டு கட்டைப் பைகளை எடுத்து என் துணியை அடுக்கத் தொடங்கினாள். பாதி அடுக்கும்போது எழுந்து நேராக மதினி வீட்டுக்குப் போனாள்.

"மதினி, கன்னுக பட்டினியா கெடக்கு. உங்க குழியில கொஞ்சம் தாங்க. பொறவு எப்படியாவது திருப்பித் தந்துருதோம்."

"குழி மூடிக் கெடக்கு" என்றாள் மதினி. "சித்திரை பொறந்துதான் தெறக்கணும். அதுவர இங்கயும் காஞ்ச தட்டைதான்."

டக்.

ஸ்டெல்லா திரும்பி வந்து சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பைபிளில் சாபங்கள் இவ்வளவு இருக்கின்றன என்று எனக்கு அன்றுதான் தெரியும். சத்தமாகவே சொன்னாள். துணி அடுக்குவதையும், திருப்பூரையும், பிளஸ் டூ படிக்கிற பிள்ளையையும் சேர்த்தே சொன்னாள். வேலியில் கட்டிய சேலை கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. எனக்கும் மனசு ஆறவில்லை. மழைக்கும் வைக்கோலுக்கும் காட்ட முடியாத கோபம் முழுவதையும் அந்தக் கதவின் மேல் காட்டினேன், மனதுக்குள்ளேதான்.

மறுநாள் விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மதினி இப்படிச் சத்தம் போட்டு ஒருவரைக் கூப்பிடுவது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"தம்பி! குழியில எலி பூந்துட்டு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குழியைத் திட்டுவது போல நின்றாள்.

"தார்ப்பாயக் கிழிச்சிட்டு. காத்துப் போயிட்டு. இனி மூடுனாலும் நிக்காது. என் கன்னுக தின்னு தீக்கதுக்குள்ள பூசணம் பிடிச்சிரும். வந்து அள்ளிட்டுப் போ."

நான் கிழிசலைப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு, கோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. அந்த இடத்து மண் பூச்சு பக்குவமாகச் செதுக்கி எடுக்கப்பட்டு ஓரமாகக் குவிந்திருந்தது. டயர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. வேலிக்கருவை முள்ளைக்கூட எலி கவட்டைக் கம்பால் தள்ளி, நடக்க வசதியாக வழிவிட்டு வைத்திருந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் இவ்வளவு ஒழுக்கமான எலியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மதினி..." என்று ஆரம்பித்தேன்.

"ஓசின்னு நெனைக்காத. உன் கன்னு போடுத சாணி பூரா என் குப்பக்குழிக்கு வரணும். கடவப்பெட்டி அங்கன இருக்கு."

அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்கும் மூடி போட்டாயிற்று. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நன்றி சொல்லக்கூட ஓர் இடுக்கு விடாமல் அடைத்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

தினமும் காலையில் நான் பெட்டியோடு போவேன். அவள் அருவாளால் ஓர் அடுக்கை வெட்டிச் சரித்துக் கொடுப்பாள். என் கன்றுகளுக்கு இரண்டு பெட்டி, அவளுடைய கன்றுகளுக்கு ஒன்று. ஏன் இப்படி என்று கேட்டேன். "எனக்குள்ளது பழகுன வயிறு. கொறச்சுப் போட்டாலும் தாங்கும்" என்றாள். கன்றுக்கு வயிறு அப்படியெல்லாம் பழகாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் ஒரு பெட்டியோடு நிறுத்தினால், இரண்டாவதை அவளே தலையில் தூக்கிக்கொண்டு வந்து என் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவாள். போகும்போது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தால் மூடிவிட்டும் போவாள்.

தெருவில் எலியின் புகழ் பரவியது. மதினி வீட்டிலிருந்தே ஒருவன் பெட்டி பெட்டியாகத் தூக்கி வருகிறான் என்றால் சும்மாவா? "அந்த மகராசி தரல, எலில்லா தந்திருக்கு" என்றார் உரக்கடை அண்ணாச்சி. குழியை வீடியோ எடுக்கக் கேட்டு வந்து, டக் வாங்கிக்கொண்டு போனார். ஸ்டெல்லா ராத்திரி ஜெபத்தில் எலிக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அவளிடம்கூட நான் கிழிசலைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தக் குழிக்கு மூடி போன பிறகு, யாராவது ஒருவராவது எதையாவது மூடி வைக்க வேண்டாமா?

சித்திரை பிறந்து பாதி போகும்போது என் கன்றுகளின் விலா மறைந்துவிட்டது. தோல் மினுங்கியது. கட்டைப் பைகள் காலியாகிப் பரணுக்குப் போயின. மச்சான் போன் செய்தபோது, மாடு மேய்த்தது போதவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த மாதக் கடைசியில் குழி அடிமண் தெரியத் தீர்ந்தது. சரியாக மூடி இருந்திருந்தால் மதினி அதைத் திறந்தே ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அவளுடைய கன்றுகளுக்குக் காய்ந்த தட்டையும், வேலியோரம் கிடைத்த இலைதழையும்தான். நான் புண்ணாக்கு வாங்கிக் கொண்டுபோனேன். வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அந்த மூட்டை என் வாசலில் இருந்தது, வாய் இறுக்கிக் கட்டி.

பெருநாளுக்கு முன் பாய் லாரியோடு வந்தார். என் கன்றுகளை ஏற்ற இரண்டு ஆள் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. பலகை முனகியது. பாய் சந்தோஷமாக, "தம்பி, பெருநாள் கன்னுன்னா இது" என்றார். அடுத்து மதினியின் கன்றுகள். அவற்றைத் தள்ளவே வேண்டியிருக்கவில்லை. ஆட்டுக்குட்டி மாதிரி தாவி ஏறிவிட்டன. பாய் ஒன்றின் முதுகில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. என் கன்றைப் பார்த்தார், அவளுடைய கன்றைப் பார்த்தார்.

"யக்கா, வருஷா வருஷம் உங்க கன்னுதான் எனக்கு மொதக் கன்னு. இந்தத் தடவ என்ன, இப்படி வத்திப்போயிக் கெடக்கு?"

"அதுகளுக்கு வயிறு சரியில்ல."

பாய் விவரமான ஆள். மாட்டின் முதுகைத் தொட்டே அது என்ன தின்றது என்று சொல்லிவிடுகிறவர், என் முகத்தைப் பார்த்து மிச்சத்தையும் தெரிந்துகொண்டார். அதட்டலாக லாரிக்காரனிடம் மட்டும், "கதவ நல்லா மூடுல" என்றார்.

லாரி போனதும் மதினி தன் வாசலுக்குத் திரும்பினாள். ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்திருக்க வேண்டும். பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டெல்லாவுக்குக் கண் நிறைந்திருந்தது. அவள் கேட்டது இதுதான்:

"மதினி... அந்த எலி என்ன ஆச்சு?"

மதினி அவளை ஒரு கணம் பார்த்தாள். முகாமில் பார்த்த அந்தச் சிரிப்பு உதட்டு ஓரத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் உள்ளே போயிற்று.

"செத்துட்டு" என்றாள். கதவைச் சாத்தினாள்.

நாங்கள் படியிறங்கினோம். தெருவுக்கு வந்தோம். எங்கள் வாசலையும் அடைந்துவிட்டோம். பின்னால் அந்த டக் கேட்கவே இல்லை.

"தாப்பா போட மறந்துட்டாவ போல" என்றாள் ஸ்டெல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மதினியாவது, மறப்பதாவது.